1986: ஒரே ஒரு பாட்டு என்றால் எது?

மாம்பலம்_மெயில்

எண்பதுகளில் எந்த ஆண்டு பாட்டுக்கு நல்ல ஆண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மூடுபனியும் ஜானியும் வந்த 1980 என்று ஒரு கூட்டம். சிந்து பைரவியும் முதல் மரியாதையும் வந்த 1985-ஐ உயிரே போனாலும் விட்டுக்கொடுக்காத கூட்டம் இன்னொன்று. என் கட்சி 1986.

கோடையில் அம்மன் கோவில் கிழக்காலே, விக்ரம். ஜூலையில் கடலோரக் கவிதைகள். ஆகஸ்ட் 15 அன்று மௌன ராகமும் ஊமை விழிகளும். அதை அடுத்து மெல்லத் திறந்தது கதவு. தீபாவளிக்குப் புன்னகை மன்னன். ஒரே ஆண்டுக்குள் இத்தனையும். மெட்ராஸில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு டீக்கடையில் விட்ட பாட்டை அடுத்த டீக்கடையில் பிடித்துவிடலாம். அப்படி ஓடிய ஆண்டு.

ஆனால் வெறும் பட்டியல் போட வேண்டாம். ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள். ஏன் அந்தப் பாட்டு என்று சொல்லுங்கள். "அருமை", "காலத்தால் அழியாதது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். பாட்டுக்குள்ளே எந்த இடம் உங்களைப் பிடித்தது என்று தெரிய வேண்டும். என் பாட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

---

அயனாவரம்_அக்கா

யோசிக்கவே தேவையில்லை. மௌன ராகத்தில் ஜானகியம்மா பாடிய "சின்னச் சின்ன வண்ணக்குயில்".

கட்டாயத்துக்குக் கழுத்தை நீட்டிய பெண்ணுக்குப் புருஷன் மேல் பிரியம் வந்துவிட்டது. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. தனக்குள்ளேயே பாடிக்கொள்கிறாள். ஜானகியம்மா அதை மேடைக் குரலில் பாடவில்லை. பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார், அவர் காதில் விழுந்தாலும் விழட்டும், விழாவிட்டாலும் போகட்டும் என்கிற அளவுக்குத்தான் குரலைத் திறக்கிறார். அதே படத்தில் "ஓஹோ மேகம் வந்ததோ" கேளுங்கள். மழையில் தோழிகளோடு குதிக்கிற கல்லூரிப் பெண்ணுக்கு முழுக் குரலையும் திறந்துவிடுகிறார். அப்போது அவருக்கு 48 வயது. ஒரே படத்தில் ஒரே பெண்ணுக்கு இரண்டு வயதையும் இரண்டு மனசையும் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தூர்தர்ஷன் ஒளியும் ஒலியுமில் இந்தப் பாட்டு வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் வந்து உட்காருவோம்.

---

புரசைவாக்கத்தான்

அக்கா படத்தைச் சரியாகப் பிடித்தார், பாட்டில்தான் எனக்கு வழக்கு. மௌன ராகம் என்றால் "நிலாவே வா".

எஸ்.பி.பி. இதில் கெஞ்சுகிறார். ஆனால் கெஞ்சுகிற ஆணுக்கு இருக்கிற மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை. முதல் சொல்லை அவர் எடுக்கிற விதத்தைக் கவனியுங்கள். அழுத்தமே கிடையாது. அதற்குக் கீழே பேஸ் கிட்டார் தன் பாட்டுக்கு ஒரு தனி மெட்டைப் பாடிக்கொண்டு போகும். நல்ல ஹெட்போன் கிடைத்த பிறகுதான் அதை முழுதாகக் கேட்டேன். டீக்கடை ஒலிபெருக்கியில் பாதி காணாமல் போயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் ஐந்து பாட்டையும் எஸ்.பி.பி.யும் ஜானகியும் மட்டும்தான் பாடினார்கள். எல்லாப் பாட்டும் வாலி எழுதியது. அதனால்தான் கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் ஒரே கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. இன்று ஐந்து பாட்டுக்கு எட்டுப் பேர் பாடுகிறார்கள். யாருடைய கதை என்றே தெரிவதில்லை.

---

கோடம்பாக்கம்_கீபோர்டு

நான் அந்த ஆண்டுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, விநாயகர் சதுர்த்தி என்று எல்லா மேடையும் ஏறியிருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மௌன ராகம் பாட்டுகளை எப்படியாவது மேடைக்குக் கொண்டுவந்துவிட்டோம். எங்களைத் திணற வைத்தது புன்னகை மன்னன்.

என் பாட்டு "கால காலமாக வாழும்". எஸ்.பி.பி.யும் சித்ராவும் பாடியது. பலரும் இதை ஆட்டப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டு "என்ன சத்தம் இந்த நேரம்" பக்கம் போய்விடுவார்கள். ஆனால் அன்றைக்கு இசைக்கலைஞர்கள் வாயைப் பிளந்து கேட்டது இந்தப் பாட்டையும் படத்தின் தீம் இசையையும்தான். எங்கள் குழுவில் இருந்தது ஒரு கேசியோ. அதில் இருந்த தாளங்களைப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் ஒரே மெட்டை மூன்று பேர் பிரித்து வாசித்தோம். அப்படியும் கைகள் களைத்தன. ரெக்கார்டில் அது களைக்கவே களைக்காது.

---

தரமணி_2001

கீபோர்டு சார், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? புன்னகை மன்னனில் கம்ப்யூட்டரில் இசை போட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 1986-ல் கம்ப்யூட்டர் என்றால் என்ன செய்திருக்க முடியும்? வயலின் வாசித்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா?

நான் இந்தப் பாட்டுகள் வந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவன். "மன்றம் வந்த தென்றலுக்கு" எனக்கு முதலில் இந்தியில்தான் அறிமுகம். 2007-ல் வந்த சீனி கம் படத்தின் தலைப்புப் பாட்டு. அம்மாதான் "இது நம்ம ஊர்ப் பாட்டுடா" என்று மூலப் பாட்டைப் போட்டுக் காட்டினார். என் ஓட்டும் அதற்குத்தான்.

---

கோடம்பாக்கம்_கீபோர்டு

நல்ல கேள்வி தம்பி.

அதுவரை ஒரு பாட்டை எப்படிப் பதிவு செய்தார்கள் என்று முதலில் பார். வடபழனி பக்கம் பிரசாத் ஸ்டுடியோ. இளையராஜா சார் காலையில் வந்து ஸ்வரக் குறிப்பு எழுதுவார். உதவியாளர்கள் அதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகப் பிரதி எடுப்பார்கள். வயலின் வரிசை, புல்லாங்குழல், கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், தபேலா எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடகர் கண்ணாடி அறையில் நின்று கூடவே பாடுவார். ஒருத்தர் ஓர் இடத்தில் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ட்ரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் சசிதரன், கிட்டார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல் என்று அந்தக் குழுவின் பெயர்களை எங்களைப் போன்ற மேடைக்காரர்கள் சாமி பெயர் போலச் சொல்லுவோம்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் சீக்வென்சர் வந்தது. யமஹா சிஎக்ஸ்5எம் என்று ஒரு கருவி. பார்க்க ஒரு சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர்தான், ஆனால் உள்ளேயே எஃப்எம் முறையில் (ரேடியோ எஃப்எம் இல்லை, ஓர் ஒலியலையால் இன்னொன்றை மாற்றிப் புது ஒலி உண்டாக்கும் முறை) ஒலி எழுப்பும் பகுதி இருக்கும். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எந்த ஒலி என்று ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தால் திரும்பத் திரும்ப இம்மியும் பிசகாமல் வாசிக்கும். மனிதக் கை இரண்டு நிமிஷம் ஒரே மெட்டை வேகமாக வாசித்தால் எங்கேயாவது தளரும். இது தளராது. இந்தியத் திரையிசையில் இந்தக் கருவியை முதலில் பயன்படுத்திய படம் புன்னகை மன்னன் என்று பதிவு இருக்கிறது.

ஆனால் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இதுதான் முக்கியம். இயந்திரம் அடியில் ஓட, அதற்கு மேலே ஆட்கள் வாசித்தார்கள். அந்தப் படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். "கால காலமாக" முழுக்க இயந்திரத் துடிப்பு. "என்ன சத்தம்" பாட்டில் எல்லாம் மூச்சு. சாகப் போகிற இரண்டு பேர் அதிரப்பள்ளி அருவிக்கு மேலே நிற்கிறார்கள். அங்கே இயந்திரத்துக்கு வேலையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. புதிய கருவி கையில் கிடைத்ததும் எல்லா இடத்திலும் அதைப் போட்டு நிரப்புகிறவர்கள்தான் அதிகம். எங்கே போடக்கூடாது என்ற கணக்கு அவரிடம் இருந்தது.

இன்னொரு தகவல். அந்தக் காலத்தில் ராஜா சாரிடம் கீபோர்டு வாசித்தவர்களில் திலீப் என்ற பையனும் ஒருவர். புன்னகை மன்னன் வந்தபோது அவருக்கு 19 வயது. பின்னாளில் ஏ.ஆர்.ரகுமான்.

---

ராயபுரம்_ரேடியோ

எல்லாரும் நல்லா எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு பெயர் இன்னும் வரவில்லையே? எம்.எஸ்.வி., இளையராஜாவுக்கு முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

மெல்லத் திறந்தது கதவு ஏவிஎம் படம். மெட்டுகள் எம்.எஸ்.வி., இசைக்கோவையும் பின்னணியும் இளையராஜா. ஒருத்தருக்கு 58 வயது, இன்னொருத்தருக்கு 43. இருவரும் முதன்முறையாக ஒரே படத்தில். எந்தத் தொழிலில் இது நடக்கும் சொல்லுங்கள்? உச்சியில் இருக்கிற ஒருவர், தனக்கு முன்னால் உச்சியில் இருந்தவரை அழைத்து வந்து, "நீங்கள் மெட்டுப் போடுங்கள், நான் அதை உடுத்தி அழகு பார்க்கிறேன்" என்கிற மாதிரி ஒரு வேலை.

என் பாட்டு "வா வெண்ணிலா". பல்லவியைக் கவனியுங்கள். விட்டு விட்டு வருகிற சின்னச் சின்னத் துண்டுகளாக மெட்டு நடக்கும். அது எம்.எஸ்.வி.யின் கைரேகை. அறுபதுகளில் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடியிருக்கக்கூடிய மெட்டு. அதன் இடைவெளிகளில் வருகிற வயலின்களும் அடியில் ஓடுகிற பேஸும் முழுக்க ராஜா. என்னால் எந்த இடத்தில் ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறது. ஆனாலும் தையல் தெரியவில்லை.

விவித் பாரதியில் இந்தப் பாட்டு வரும்போது இசை என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே அறிவிப்பு வரும் வரை காத்திருப்பேன்.

---

புரசைவாக்கத்தான்

ஐயா, வணங்குகிறேன். அதே படத்தில் "குழலூதும் கண்ணனுக்கு", "ஊரு சனம் தூங்கிருச்சு" இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சித்ரா, ஒன்றில் ஜானகி. ஊரு சனம் பாட்டை நள்ளிரவில் மொட்டை மாடியில் கேட்டால் அதற்குப் பிறகு தூக்கம் வராது.

---

வியாசர்பாடி_விசில்

மன்னிக்கவும், இந்த இழை முழுக்க ஒரே ஆளைச் சுற்றி ஓடுகிறது. ராஜா பெரிய ஆள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1986-ல் மெட்ராஸில் ஓடியது அவருடைய பாட்டு மட்டும் இல்லை. அந்த வருஷம் எங்கள் பகுதியில் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டதைச் சொல்கிறேன்.

டி.ராஜேந்தரின் மைதிலி என்னைக் காதலி. "ஒரு பொன்மானை நான் காண" பாட்டை எஸ்.பி.பி. பாடியிருப்பார். எழுதியதும் இசையமைத்ததும் இயக்கியதும் ஒரே மனிதர். அடுக்குமொழி என்று கிண்டல் செய்கிறவர்கள் அந்தப் பாட்டின் தாளக்கட்டை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கட்டும். சொல்லும் மிருதங்க நடையும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று புரியும். அமலா தமிழுக்கு வந்ததும் அந்தப் படத்தில்தான்.

நான் அடிமை இல்லை படத்தில் "ஒரு ஜீவன்தான்". இசை விஜய் ஆனந்த். ரஜினியும் ஸ்ரீதேவியும் தமிழில் கடைசியாகச் சேர்ந்து நடித்த படம். உயிரே உனக்காக படத்துக்கு பம்பாயிலிருந்து லக்ஷ்மிகாந்த் பியாரேலால் வந்து இசையமைத்தார்கள். "பன்னீரில் நனைந்த பூக்கள்" ஜானகியம்மா. அந்தப் பாட்டைத் தெரியாத ஆள் அன்றைக்கு இல்லை.

ஆனால் ஒரே பாட்டு என்றால் ஊமை விழிகள் படத்தின் "தோல்வி நிலையென நினைத்தால்". திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த புதுப் பையன்கள் எடுத்த படம். இசை மனோஜ் கியானும் ஆபாவாணனும். அந்தப் பாட்டுக்கு அவர்கள் தேடிப் பிடித்த குரல் பி.பி.ஸ்ரீனிவாஸ். ஜெமினிக்குக் காதல் பாட்டுப் பாடிய அந்த மென்மையான குரலை எடுத்து, துவண்டு கிடப்பவனைத் தட்டி எழுப்பும் பாட்டுக்கு வைத்தார்கள். கத்துகிற குரல் யாரிடமும் கிடைக்கும். அமைதியான குரல் "எழுந்திரு" என்று சொல்லும்போது அதை மறுக்க முடியாது. வேலை கிடைக்காமல் சுற்றிய நாட்களில் என்னை நிமிர்த்தி வைத்த பாட்டு அது. இன்றைக்கும் அதை நின்றுகொண்டுதான் கேட்பேன்.

---

மாம்பலம்_மெயில்

விசில் அண்ணே, இந்தப் பதிவுக்காகவே இழை தொடங்கியது நல்லதாகப் போயிற்று. பி.பி.எஸ். என்றதும் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்தான் நினைவுக்கு வருகிறது. சட்டைப் பை நிறைய வண்ணப் பேனாக்களோடு, தலையில் தொப்பியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். பல மொழிகளில் கவிதை எழுதியவர். அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. அந்தப் பக்கம் போனால் பூவைப் பார்க்கிறேனோ இல்லையோ, அவர் உட்கார்ந்த இடம் எதுவாக இருக்கும் என்று கண் தேடுகிறது.

---

அயனாவரம்_அக்கா

நான் ஜானகியம்மாவுக்கு ஓட்டுப் போட்டவள். ஆனாலும் நியாயம் பேச வேண்டும். 1986 யாருடைய ஆண்டு என்று கேட்டால் நான் சொல்லப்போகிற பெயர் சித்ரா.

எண்ணிப் பாருங்கள். புன்னகை மன்னனில் "ஏதேதோ எண்ணம் வளர்த்தேன்", "வான் மேகம்", "சிங்களத்துச் சின்னக்குயிலே". அறுவடை நாள் படத்தில் "தேவனின் கோவில்". கோடை மழை படத்தில் "காற்றோடு குழலின் நாதமே". டிசம்பர் பூக்களில் யேசுதாஸோடு "மாலைகள் இடம் மாறுது". நீதானா அந்தக் குயிலில் கங்கை அமரனோடு "பூஜைக்கேத்த பூவிது". கேரளத்திலிருந்து வந்து தமிழில் பாடத் தொடங்கிய பெண்ணுக்கு அந்த ஆண்டு 23 வயதுதான். சிந்து பைரவியின் "பாடறியேன்" பாட்டுக்குத் தேசிய விருது. அடுத்ததாக 1986-ன் விருதும் அவருக்கே. அது நகக்ஷதங்கள் என்ற மலையாளப் படத்துக்கு.

"தேவனின் கோவில்" பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டு சிலுவையின் கீழே மண்டியிடுகிற மாதிரி தொடங்கும். அவருக்கு அந்த வயதில் அந்தத் துக்கம் எப்படித் தெரிந்தது? நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அழுகையைக் குரலில் காட்டவே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் சுத்தமாக, கழுவி வைத்த மாதிரி வைக்கிறார். அழுகை நமக்கு வந்துவிடுகிறது.

ஜானகியம்மா நடிப்பார், சித்ரா பாடுவார் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. இரண்டு பேருக்கும் வழி வேறு. ஒருவர் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்து பாடுகிறார். இன்னொருவர் பாத்திரத்தை நம்மிடம் விட்டுவிடுகிறார். ஒரே ஆண்டில் இரண்டையும் முழு வலிமையோடு கேட்க முடிந்தது. அது நமக்குக் கிடைத்த பேறு.

---

பெசன்ட்நகர்_பேஸ்

நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன். அந்த ஆண்டு எங்கள் அறையில் ஓடியது பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜாரில் வெளிநாட்டு கேசட் கிடைக்கும். இல்லாவிட்டால் காலி கேசட்டும் பாட்டுப் பட்டியல் எழுதிய சீட்டும் கொண்டுபோய் ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். என் 90 நிமிஷ கேசட்டில் ஒரு பக்கம் மடோனாவின் "பாப்பா டோன்ட் பிரீச்", மாடர்ன் டாக்கிங்கின் "பிரதர் லூயி", யூரோப் குழுவின் "தி ஃபைனல் கவுன்ட்டவுன்". மறுபக்கம் விக்ரம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபைனல் கவுன்ட்டவுனின் தொடக்கத்தில் வருகிற அந்தப் பெரிய கீபோர்டு முழக்கத்திலும் யமஹாவின் எஃப்எம் கருவி ஒன்று கலந்திருக்கிறது. கீபோர்டு சார் சொன்ன சிஎக்ஸ்5எம் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஸ்வீடனில் ஒரு ராக் குழுவும் வடபழனியில் நம் ஆளும் ஒரே ஆண்டில் ஒரே வகை ஒலியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதை அரங்கத்தை அதிரவைக்க வைத்துக்கொண்டார்கள். நம்மாள் அதை ஒரு நடன ஆசிரியரின் காதல் கதைக்குள் கொண்டுபோனார். மேற்கிலிருந்து நமக்கு எல்லாம் பத்து வருஷம் கழித்துத்தான் வரும் என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன்.

விக்ரம் தலைப்புப் பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். கமல் பாடியது. சின்தசைசரும் கனமான தாளமும் போட்டு ஓர் உளவாளிக்கு அடையாள இசை. அன்றைக்குத் தமிழில் அப்படி ஒரு சத்தம் புதுசு.

ஆனால் என் ஓட்டு ஒரு பாட்டுக்கு இல்லை, ஓர் இசைத்தொகுப்புக்கு. அனுமதிப்பீர்களா தெரியவில்லை. இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்". சினிமாவே இல்லாமல் வெளிவந்தது, அதுவும் 1986தான். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியது. தனி வயலின் வி.எஸ்.நரசிம்மன், அச்சமில்லை அச்சமில்லை படத்துக்கு இசையமைத்தவர். அதில் "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" என்று ஒரு பகுதி. பாக்கின் வயலின் இசை அப்படியே ஓட, அதன் மேல் நம் ஊர் வயலின் தன் வழியில் பேசிக்கொண்டு வரும். இரண்டும் சண்டை போடாது, ஒன்றுக்கொன்று தலையாட்டவும் செய்யாது. மெட்ராஸில் ஒரு வீட்டுக்குள் அந்தச் சந்திப்பு நடந்ததாகவே நான் நம்புகிறேன்.

---

மாம்பலம்_மெயில்

அனுமதி உண்டு. பாட்டு என்று கேட்டுவிட்டு இந்தத் தொகுப்பை வெளியே நிறுத்த முடியுமா?

---

கோடம்பாக்கம்_கீபோர்டு

பேஸ் தம்பி, அந்தத் தொகுப்பை வைத்துப் பயிற்சி எடுத்த வயலின் பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். கர்நாடக இசை ஆசிரியரிடம் போய்க்கொண்டே மாலையில் வேறு ஆசிரியரிடம் மேற்கத்திய முறையும் படித்தவர்களுக்கு அது ஒரு பெரிய தைரியம்.

---

வியாசர்பாடி_விசில்

சரி, இயந்திரம், பாக் எல்லாம் பேசியாயிற்று. மலேசியா வாசுதேவனை யாராவது சொல்வீர்களா? கடலோரக் கவிதைகளில் "அடி ஆத்தாடி". முட்டம் கடற்கரை, ரவுடி சின்னப்பதாஸ், படித்த டீச்சர். அந்தக் குரலில் உப்புக் காற்று இருக்கிறது. அதே பாட்டை ராஜாவும் ஜானகியும் பாடிய வடிவமும் உண்டு. இரண்டாவது வந்தால் தியேட்டரில் ஆம்பிளைப் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

"போகுதே போகுதே" பாட்டையும் யாரும் தொடவில்லை. எஸ்.பி.பி. அதில் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறார். சங்கதி (மெட்டை வளைத்துப் பாடும் அலங்காரம்) கிடையாது, சிரிப்புக் கிடையாது. வாழ்க்கையே கையை விட்டுப் போகிறவன் சங்கதியா போடுவான்?

---

தரமணி_2001

விசில் அண்ணே சொன்ன இரண்டு "அடி ஆத்தாடி"யையும் நேற்று வேளச்சேரியிலிருந்து ரயிலில் வரும்போது கேட்டேன். முதல் வடிவத்தில் கடல் எதிரே இருக்கிற மாதிரி. இரண்டாவதில் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மெட்டு ஒன்றுதான்.

ஒரு சந்தேகம். "சிங்களத்துச் சின்னக்குயிலே" 1986-ல் எப்படிக் கேட்டிருக்கும்? இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான 83 கலவரத்துக்கு மூன்றே வருஷம்தானே ஆகியிருந்தது?

---

ராயபுரம்_ரேடியோ

தம்பி, அந்தக் கேள்வி அன்றைக்கே இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்களுக்கு அகதிகளாக வந்தவர்களின் முகங்கள் தெரியும். அந்த நேரத்தில் பாலசந்தர் ஒரு சிங்களப் பெண்ணைக் கதாநாயகியாக்கினார், தமிழன் அவளைக் காதலிப்பதாகக் கதை எழுதினார். தியேட்டருக்குள் எல்லாரும் ஒரே மனதோடு உட்கார்ந்திருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் முதலில் இறுகிப்போய்த்தான் இருந்தார். அந்தப் பாட்டில் எஸ்.பி.பி.யும் சித்ராவும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே போவார்கள். பாட்டு முடிவதற்குள் அவருடைய கால் தாளம் போடத் தொடங்கியிருந்தது. அதனால் கோபம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கோபமும் இருந்தது, தாளமும் இருந்தது.

அந்தப் படத்தோடு இன்னொன்றும் முடிந்தது. வைரமுத்துவும் இளையராஜாவும் சேர்ந்த கடைசிப் படம் அதுதான் என்பார்கள். எல்லாப் பாட்டும் அவர் எழுதியது. "வான் மேகம்" கேட்கிற ஒவ்வொரு முறையும், இன்னும் ஒரு பத்து வருஷம் இவர்கள் சேர்ந்திருந்தால் என்று மனம் கணக்குப் போடுகிறது. யார் சரி, யார் தவறு என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வராமல் போன பாட்டுகளுக்காகத்தான் வருத்தம்.

---

அயனாவரம்_அக்கா

ஐயா, இதே வருத்தம் எனக்கும் உண்டு. "கவிதை கேளுங்கள்" பாட்டை வாணி ஜெயராம் பாடியதை நினைத்தால் இன்னும் கூடுகிறது. வாணியம்மாவுக்கு ராஜா இன்னும் நிறையக் கொடுத்திருக்கலாம்.

---

புரசைவாக்கத்தான்

கொடுத்திருக்கலாம் என்பது சரிதான் அக்கா. ஆனால் ஆண்டுக்கு அத்தனை படம் செய்தவர் ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தக் குரல் என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார். அம்மன் கோவில் கிழக்காலேயில் "பூவ எடுத்து" பாட்டுக்கு ஜெயச்சந்திரன், கடலோரக் கவிதைகளில் "கொடியிலே மல்லியப்பூ" பாட்டுக்கும் ஜெயச்சந்திரன். எஸ்.பி.பி. கையில் இருக்கும்போதே அந்த இரண்டையும் அவரிடம் கொடுத்திருக்கிறார். ஜெயச்சந்திரனின் குரலில் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்த ஆண்களுக்கு அந்தக் கூச்சம் வேண்டும். முதல் வசந்தத்தில் "ஆறும் அது ஆழமில்ல" பாட்டுக்குத் தன் குரலே போதும் என்று தானே பாடிவிட்டார். அதை வேறு யார் பாடியிருந்தாலும் இவ்வளவு ஆழம் கிடைத்திருக்காது.

---

மாம்பலம்_மெயில்

கடைசியில் சொல்கிறேன் என்றேன், சொல்லிவிடுகிறேன். இழையைத் தொடங்கும்போது என் மனதில் இருந்தது "நிலாவே வா". புரசைவாக்கத்தார் எனக்கு முன்னால் அதை எழுதிவிட்டார், நான் எழுதியிருந்தாலும் அதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ராயபுரம் ஐயா எழுதியதற்குப் பிறகு "வா வெண்ணிலா" பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்போது என் பாட்டு அதுதான்.

கீபோர்டு சார் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அந்த ஆண்டில் ராஜா ஒரு கையில் சீக்வென்சரைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் எம்.எஸ்.வி.யின் மெட்டை. சில வாரங்கள் இடைவெளியில் இரண்டு படங்களும் வெளிவந்திருக்கின்றன. புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுகிற பழக்கம் அவரிடம் இல்லை. பி.பி.எஸ். குரலைத் தேடிப் போன ஊமை விழிகள் பையன்களிடமும் இல்லை. ஜானகிக்கும் சித்ராவுக்கும் ஒரே ஆண்டில் இடம் இருந்தது. 1986 என் கட்சி என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மற்ற ஆண்டுகளில் இதைவிட நல்ல பாட்டுகள் இருக்கலாம். எல்லாத் தலைமுறையும் ஒரே ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஆண்டு இது.

---

ராயபுரம்_ரேடியோ

நன்றி மெயில். ஒரு வேண்டுகோள். "வா வெண்ணிலா" கேட்கும்போது இரண்டாவது இடையிசையை மட்டும் தனியாக ஒருமுறை கேளுங்கள். பல்லவியின் மெட்டு அங்கே மாறுவேஷத்தில் வந்து போகும்.

---

வியாசர்பாடி_விசில்

நான் "தோல்வி நிலை" பக்கத்திலிருந்து நகர மாட்டேன். பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

தரமணி_2001

1987-க்குத் தனி இழை தொடங்கிவிட்டேன். நாயகன், ரெட்டை வால் குருவி எல்லாம் இருக்கிறது. முதல் பதிவிலேயே "ராஜ ராஜ சோழன் நான்" போட்டுவிட்டேன், யேசுதாஸ் குரலுக்காக. அக்கா, அங்கே வந்து சண்டை போடுங்கள்.